ரோமாபுரியில் சைவப் பந்தி

ஐரோப்பாவில் சைவம் சாப்பிடுகிறவர்கள் வயிறு நிறைய, வாய்க்கு ருசியாகச் சாப்பிடக்கூடிய ஊர் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் ரோம் என்று சொல்வேன். கேட்டவர்கள் நம்புவதில்லை. "அங்கே எல்லாத்துலயும் பன்றிக்கறி போடுவாங்களே?" என்பார்கள். "பீட்சாவும் பாஸ்தாவும் விட்டா வேற என்ன இருக்கு?" என்பார்கள். அந்தப் பயத்தில்தான் நம்மவர்கள் பெட்டியில் பாதி இடத்தைப் புளியோதரை மிக்ஸுக்கும் பருப்புப்பொடிக்கும் கொடுத்துவிடுகிறார்கள். டூர் கம்பெனிகளுக்கும் இந்தப் பயம் தெரியும். கொலோசியம் பார்த்த கையோடு பஸ்ஸை ஓர் இந்திய ரெஸ்டாரன்ட் வாசலில் நிறுத்திவிடுவார்கள். பனீர் பட்டர் மசாலா, தால், ஜீரா ரைஸ். மறுநாளும் அதேதான்.

வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒருவேளை சோறு இல்லாமல் முடியாது. அதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு வாரம் ரோமில் இருந்துவிட்டு அந்த ஊர்ச் சாப்பாட்டை ஒருவேளைகூடச் சாப்பிடாமல் திரும்புவது பெரிய இழப்பு. அந்த ஊர் அடுப்பில் சைவம் நேற்று வந்து ஒட்டிக்கொண்ட நாகரிகம் கிடையாது, ரொம்பப் பழையது. அதற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று ஏழ்மை. ரோமைச் சுற்றியுள்ள கிராமத்துச் சனங்களுக்குக் கறி என்பது பண்டிகை நாள் சமாச்சாரம். மற்ற நாட்களில் கீரை, கொண்டைக்கடலை, பீன்ஸ், ரொட்டி, ஆலிவ் எண்ணெய். இரண்டாவது கத்தோலிக்கத் திருச்சபை. வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் கறி விலக்கு என்பதால், கறியில்லாத சமையலே தனிக் கலையாக வளர்ந்தது. மெனு கார்டில் 'தி மாக்ரோ' என்ற சொல்லைப் பார்த்தால் கறி விலக்கிய பண்டம் என்று பொருள். 'ரவியோலி தி மாக்ரோ' என்றால் உள்ளே ரிக்கோத்தாவும் பசலைக்கீரையும் இருக்கும். விரத நாளில் மீன் சாப்பிடலாம் என்பது அவர்கள் வழக்கம். அதனால் மாக்ரோ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. மூன்றாவது காரணம் ரோமின் யூதர்கள். அவர்கள் தெருவுக்குத் தனியாகவே போக வேண்டும், போவோம்.

சிட்டிகையில்தான் சிக்கல்

முதலில், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. தட்டில் கண்ணுக்குத் தெரிகிற கறித்துண்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதை நாம் கேட்கப்போவதில்லை. கவலை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சிட்டிகையைப் பற்றித்தான். கீரை தின்னவைத்த அதே ஏழ்மைதான் இந்தச் சிட்டிகைக்கும் காரணம். முழுக்கறி வாங்க வசதியில்லாத வீட்டில் கொஞ்சம் பன்றிக் கொழுப்பையோ இரண்டு நெத்திலியையோ போட்டு ஒரு சட்டிக்கும் வாசனை ஏற்றிவிடுவார்கள். தெஸ்தாச்சோ என்ற பேட்டையில் 1975 வரை ரோமின் பெரிய இறைச்சிக்கூடம் இயங்கியது. பணக்கார வீட்டுக்குப் போனது போக மிஞ்சிய குடலும் கொழுப்பும்தான் அங்கே வேலை செய்தவர்களின் சமையல். இன்றைக்கு உலகம் கொண்டாடும் ரோம் சமையலில் பெரும்பகுதி அந்தப் பேட்டை அடுப்பில் உருவானது.

ஆகவே பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய பொருட்கள் சில. குவான்ச்சாலே, அதாவது பன்றியின் கன்னத்துக் கொழுப்பு. கார்போனாரா, அமத்ரிச்சானா, க்ரீச்சா மூன்று பாஸ்தாவிலும் இது உண்டு. அந்த மூன்று பெயரையும் கண்டால் அப்படியே தாண்டிப் போய்விடுங்கள். அடுத்தது நெத்திலி, அலீச்சி என்றும் அச்சூகே என்றும் சொல்வார்கள். சாலட்டில் போடும் சாறு வரை இது புகுந்துவிடும். ஸ்த்ரூட்டோ என்பது உருக்கிய பன்றிக்கொழுப்பு. சில ரொட்டிகளிலும் பலகாரங்களிலும் வரும். ப்ரோதோ என்பது சூப்புக்கும் ரிசோத்தோவுக்கும் ஊற்றும் வேகவைத்த சாறு. அது காய்கறிச் சாறா, கறிச் சாறா என்று கேட்டே ஆக வேண்டும். மினெஸ்த்ரோனே காய்கறி சூப்தானே என்று நம்பி உட்காருகிறவர்கள் அதிகம். காய்கறி என்னவோ உண்மை. அடியில் தாளித்தது எதை என்பதுதான் கேள்வி.

"சோனோ வெஜெத்தாரியானோ" என்று ஆண்களும், "சோனோ வெஜெத்தாரியானா" என்று பெண்களும் சொல்ல வேண்டும். அதோடு நிறுத்தினால் கறித்துண்டு இல்லாத தட்டு வந்துவிடும். சிட்டிகை சமையல்காரருக்கு நினைவு வராமல் போகலாம். "சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷ்ஷே, சென்ட்சா குவான்ச்சாலே, சென்ட்சா அலீச்சி" என்று அடுக்கிச் சொல்லுங்கள். கறி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம், நெத்திலி வேண்டாம். முட்டையும் ஆகாது என்றால் "சென்ட்சா உவோவா" சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பு முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினால் இன்னும் நல்லது. சர்வர் அதை உள்ளே சமையல்காரரிடம் கொண்டுபோவார். சின்னக் குடும்ப ஓட்டல்களில் சமையல்காரரே வெளியே வந்து, இது இது உங்களுக்கு ஆகும் என்று விரல்விட்டுச் சொல்வதும் நடக்கும். சாப்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்டால் கோபப்படுகிற ஊர் இல்லை அது. கேட்கிறவரை மதிக்கிற ஊர்.

இன்னொரு துணை பலர் கவனிக்காதது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்கள் எந்தெந்தப் பண்டத்தில் உள்ளன என்பதை ஓட்டல்கள் தெரிவிக்க வேண்டும். 2014 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. மெனு கார்டில் பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள் இருக்கும். சட்டத்தின் வரிசைப்படி நண்டு, இறாலுக்கு 2, முட்டைக்கு 3, மீனுக்கு 4, பாலுக்கு 7, சிப்பி, கணவாய்க்கு 14. சில ஓட்டல்கள் வரிசையை மாற்றிப் போடுவதுண்டு. கடைசிப் பக்கத்து அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால், முட்டையையும் மீனையும் மொழி தெரியாமலே பிடித்துவிடலாம். கறி மட்டும் அந்தப் பட்டியலில் வராது. அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

சீஸ் விஷயத்தை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புவது உத்தமம். நம் ஊரில் பச்சைப் புள்ளியோடு விற்கும் சீஸில் பாலைத் திரிக்க விலங்கிலிருந்து எடுத்த எதையும் சேர்ப்பதில்லை. இத்தாலியில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரைப் போட வேண்டுமானால் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்த்தே ஆக வேண்டும். அது அந்தச் சீஸுக்கான சட்டவிதி. பெக்கொரீனோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். அங்கே சைவக்காரர்களில் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை, சிலர் தொடுவதே இல்லை. இதில் சரி, தப்பு என்று அடுத்தவருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு ஊருக்கு வந்தபின் மனம் கஷ்டப்படக் கூடாது, அவ்வளவுதான். வேண்டாம் என்பவர்கள் "சென்ட்சா ஃபோர்மாஜ்ஜோ" என்று சொன்னால் போதும். சீஸ் இல்லாமலே அங்கே நிறையச் சாப்பிடலாம்.

கெத்தோவின் பூ

டைபர் நதிக்கரையில், பெரிய யூத ஆலயத்துக்குப் பின்னால் ஓடுகிறது போர்த்திக்கோ தொத்தாவியா தெரு. 1555-இல் போப் நான்காம் பவுல் ஆணையிட்டு ரோமின் யூதர்களை கெத்தோ என்று பெயர்பெற்ற இந்தச் சிறு இடத்துக்குள் மதில் கட்டி அடைத்தார். 1870-இல் போப்பின் ஆட்சி முடியும் வரை அந்த அவமானம் நீடித்தது. அவர்கள் செய்யலாம் என்று விட்டுவைத்த தொழில்கள் மிகச் சில. பழந்துணி வியாபாரம் அதில் ஒன்று. தெருவில் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரித்து விற்றும் பிழைத்தார்கள். மலிவான காய்கறியையும் எண்ணெயையும் கொண்டு அவர்கள் கண்டுபிடித்தது இன்று ரோமின் பெருமைக்குரிய பண்டம்: கார்ச்சோஃபி அல்லா ஜூதியா. யூதர் முறையில் பொரித்த ஆர்ட்டிசோக்.

ஆர்ட்டிசோக் என்பது முட்செடியின் மொட்டு. பச்சையும் ஊதாவும் கலந்து, கைப்பிடி அளவுக்கு உருண்டையாக இருக்கும். சந்தையில் அதைச் சீவுவதை நின்று பார்க்க வேண்டும். இடது கையில் மொட்டைச் சுழற்றிக்கொண்டே வலது கையிலுள்ள சிறு வளைகத்தியால் வெளி இதழ்களைச் சுருள் சுருளாகச் சீவித் தள்ளுவார்கள். முற்றிய இதழ் எது, இளசு எது என்று கத்திக்கே தெரியும் போலிருக்கும். சீவியதும் கறுக்காமல் இருக்க எலுமிச்சை மிதக்கும் தண்ணீரில் போடுவார்கள். அடுப்படிக்கு வந்தபின் இரண்டு பொரிப்பு. முதலில் மிதமான எண்ணெயில் உள்வரை வேகும்படி. எடுத்து ஆறவைத்து, இதழ்களை விரலாலோ முள்கரண்டியாலோ விரித்து, மறுபடி நன்றாகக் காய்ந்த எண்ணெயில் தலைகீழாக. மேஜைக்கு வரும்போது செம்பு நிறத்தில் முழுசாக மலர்ந்த ஒரு பூ. வெளி இதழ் அப்பளம் போல நொறுங்கும், நடுப்பகுதி வெண்ணெயாகக் கரையும். உப்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பால்கூட இல்லை.

2018-இல் இந்தப் பூவின் மேல் ஒரு சர்ச்சை வெடித்தது. இதழ்களுக்குள் பூச்சி இருக்கலாம், முழுசாகப் பொரித்தால் அதைச் சோதிக்க முடியாது, எனவே இது யூத உணவு விதிக்கு ஒவ்வாதது என்று இஸ்ரேலின் தலைமை மதகுருபீடம் சொல்லிவிட்டது. ரோம் யூதர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் ஆர்ட்டிசோக்கின் இதழ்கள் இறுக்கமானவை, உள்ளே பூச்சி நுழையாது, எங்களுக்குச் சீவத் தெரியும் என்று தொடர்ந்து பொரித்தார்கள். இன்றைக்கும் பொரிக்கிறார்கள்.

சைவக்காரர்களுக்கு இந்தத் தெரு இன்னொரு வகையிலும் புகலிடம். யூத மரபில் பாலையும் கறியையும் ஒரே சமையலில் சேர்க்கக் கூடாது. ஆகவே கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி நடக்கும் ஓட்டல்களில் கறி ஓட்டல் தனி, பால் ஓட்டல் தனி. பால் ஓட்டலின் அடுப்படிக்குள் கறி என்ற பேச்சே இல்லை. பன்றி இரண்டிலும் கிடையாது. இந்தத் தெருவிலேயே பாகெத்தோ என்ற பெயரில் உள்ள ஓட்டல்களில் 'மில்கி' என்று பெயர் சேர்ந்திருப்பது பால் ஓட்டல். மீனும் முட்டையும் அங்கே உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆனால் சிட்டிகை கொழுப்பு என்ற கவலையை அந்த வாசலிலேயே விட்டுவிட்டு உட்காரலாம். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை கோஷர் கடைகள் சாத்தியிருக்கும். டூர் அட்டவணை போடும்போது இதைப் பாருங்கள்.

அந்தத் தெருவில் நடக்கும்போது தரையையும் பார்த்து நடக்க வேண்டும். சில வீட்டு வாசல்களில் பித்தளை மூடிய சிறு கற்கள் பதித்திருக்கின்றன. 1943 அக்டோபர் 16 அன்று நாஜிகள் இந்தப் பேட்டையையும் ரோமின் பிற பகுதிகளையும் சுற்றிவளைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். திரும்பியவர்கள் 16 பேர். பெயரும் பிறந்த ஆண்டும் அந்தக் கற்களில் இருக்கின்றன.

ஆர்ட்டிசோக்கின் இன்னொரு வகை கார்ச்சோஃபி அல்லா ரோமானா. காட்டுப் புதினாவும் பூண்டும் உள்ளே திணித்து, எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி மூடி வேகவைப்பது. பொரித்தது ஆகாதவர்களுக்கு இது. எந்த நல்ல த்ரத்தோரியாவிலும், அதாவது குடும்பச் சாப்பாட்டுக் கடையிலும், பருவத்தில் கிடைக்கும்.

மெனுவின் கடைசிப் பக்கம்

இத்தாலியர் சாப்பாடு பந்தி பந்தியாக வரும். முதலில் அந்திபாஸ்தோ என்ற தொடக்கப் பண்டம், பிறகு ப்ரீமோ என்ற பாஸ்தா அல்லது சூப், பிறகு செக்கோந்தோ என்ற கறி அல்லது மீன், அதற்குத் துணையாகக் கொந்தோர்னி என்ற காய்கறிகள், கடைசியில் இனிப்பு. எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சைவக்காரர்கள் நேராகக் கொந்தோர்னி பக்கத்துக்குப் போக வேண்டும். ஒரு பாஸ்தா, அதோடு இரண்டு மூன்று கொந்தோர்னி என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பலர் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. ரோமின் சைவ ருசி முழுதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் தீர்மானமான கருத்து.

அதில் முதல் மரியாதை சிக்கோரியா ரிபஸ்ஸாத்தாவுக்கு. கரும்பச்சைக் கீரையை வேகவைத்துப் பிழிந்து, ஆலிவ் எண்ணெயில் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கித் தருவார்கள். கசக்கும். பாகற்காய் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அந்தக் கசப்பு உடனே பிடிபடும். இந்தச் செடி நமக்குப் புதிது இல்லை. ஃபில்டர் காபிப் பொடியில் கலக்கும் சிக்கரி, இதே செடி இனத்தின் வேர்தான். வேரை நாம் வறுத்துக் குடிக்கிறோம். இலையை அவர்கள் வதக்கிச் சாப்பிடுகிறார்கள். சிக்கரி குடும்பத்தின் இன்னொரு உறுப்பு புந்தரெல்லே, குளிர்காலத்துத் தண்டு. நூல் நூலாகக் கிழித்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டதும் சுருண்டுகொள்ளும். மொறுமொறுவென்று அருமையான சாலட். ஆனால் அதன் மேல் ஊற்றும் சாறே நெத்திலியை அரைத்தது. "சென்ட்சா அலீச்சி" என்று சொல்லிவிட்டு, எண்ணெயும் எலுமிச்சையும் மட்டும் கேளுங்கள். சாறு முன்கூட்டியே கலந்துவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். வேறு கீரைக்குப் பஞ்சமில்லை.

வறுத்த உருளைக்கிழங்கு கேட்கும்போது, அது ஆட்டுக்கறியோடு ஒரே தட்டில் அடுப்பில் வெந்ததா என்று விசாரியுங்கள். வசந்தகாலத்தில் வின்யரோலா என்று ஆர்ட்டிசோக், பச்சைப் பட்டாணி, இளம் ஃபாவா அவரை சேர்த்த கூட்டு வரும். குவான்ச்சாலே போடாமல் செய்கிற கடையாகப் பார்க்க வேண்டும். சுக்கினிப் பூவைப் பொரித்துத் தரும் ஃபியோரி தி சூக்கா மெனுவில் பார்க்க அவ்வளவு அப்பாவியாக இருக்கும். அந்தப் பூவின் வயிற்றுக்குள் மொசரெல்லாவோடு ஒரு நெத்திலி படுத்திருப்பதே வழக்கம். சுப்ளி என்ற சோற்று உருண்டையும் அப்படித்தான். பழைய முறையில் கறிக்குழம்பில் கலந்த சோறு அது. காச்சோ எ பேப்பே சுப்ளி என்று தனியே இருந்தால் அதைக் கேளுங்கள்.

மிளகும் பாஸ்தாவும்

காச்சோ எ பேப்பே என்ற பெயரைச் சொல்லிவிட்டேன். ரோமின் நான்கு புகழ்பெற்ற பாஸ்தாக்களில் பன்றிக் கொழுப்பு இல்லாதது இது ஒன்றுதான். பெக்கொரீனோ சீஸ், மிளகு, பாஸ்தா, வேகவைத்த தண்ணீர். க்ரீம் இல்லை, வெண்ணெய் இல்லை. பாஸ்தாவின் மாவுச்சத்து இறங்கிய கலங்கல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சீஸ் கட்டி தட்டாமல் பளபளவென்று குழம்பாகும்வரை கிளறுவார்கள். சூடு ஒரு துளி கூடினாலும் சீஸ் திரண்டு ரப்பராகிவிடும். மிளகை அப்போதுதான் இடித்துப் போடுவார்கள். தட்டு வரும்போதே வாசனை ஆளைத் தூக்கும். ரோமன் ஃபோரம் பகுதியில் மாக்சென்ஷியஸ் பசிலிக்காவின் அடியில், கி.பி. முதல் நூற்றாண்டில் பேரரசர் டொமீஷியன் கட்டிய மிளகுக் கிடங்கின் இடிபாடுகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் கிடங்கை நிரப்பியது நம் தென்னிந்தியக் கரையின் மிளகு. யவனர் கப்பல் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பதிவு செய்திருக்கிறது. காலையில் அந்த இடிபாட்டைப் பார்த்துவிட்டு மதியம் காச்சோ எ பேப்பே சாப்பிடுங்கள்.

சீஸ் வேண்டாதவர்களுக்கு இரண்டு பாஸ்தாக்கள் உண்டு. ஸ்பாகெத்தி ஆலியோ எ ஓலியோ: பூண்டு, எண்ணெய், மிளகாய். பென்னே அரபியாத்தா: தக்காளி, பூண்டு, காரமான மிளகாய். மேலே சீஸ் தூவாமல் தரச் சொன்னால் ஆயிற்று. காரம் போதாது என்றால் மிளகாய் எண்ணெய் கேளுங்கள், தருவார்கள்.

முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டியது மாவின் வகை. காய்ந்த பாஸ்தாவில் கெட்டிக் கோதுமை ரவையும் தண்ணீரும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று 1967-லேயே இத்தாலி சட்டம் போட்டது. முட்டை சேர்த்தால் பெயரிலேயே அதைச் சொல்ல வேண்டும். ஸ்பாகெத்தி, ரிகத்தோனி, புக்கத்தீனி, பென்னே இவையெல்லாம் காய்ந்த வகை. ஃபெத்துச்சீனே, ரவியோலி, லசான்யா போன்றவற்றில் பொதுவாக முட்டை உண்டு. 'இன்று வீட்டில் செய்த பாஸ்தா' என்று பெருமையாகப் போர்டு வைத்திருந்தால் முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பேக்கரி வாசலில் ஒரு மதியம்

உட்கார்ந்து சாப்பிட நேரம் இல்லாத நாளில் 'ஃபோர்னோ' என்ற போர்டைத் தேடுங்கள். ரொட்டி அடுப்புக் கடை. காம்போ தே ஃபியோரி சதுக்கத்தின் மூலையில் இருக்கும் கடைக்கு முற்பகலில் போனால், ஆள் உயர நீளத்துக்குப் பலகையில் பீட்சா பியாங்கா வெளியே வருவதைப் பார்க்கலாம். தக்காளி இல்லை, சீஸ் இல்லை. மாவு, எண்ணெய், கல்லுப்பு. எவ்வளவு வேண்டும் என்று கையால் அளவு காட்டினால் வெட்டி, எடைபோட்டு, காகிதத்தில் சுற்றித் தருவார்கள். பக்கத்திலேயே தக்காளி மட்டும் தடவிய பீட்சா ரோஸ்ஸா. மாவில் ஸ்த்ரூட்டோ இல்லையே என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது எந்தக் கடையிலும் நல்லது.

வாத்திக்கன் அருங்காட்சியகத்தில் கால் கடுக்க நின்றவர்களுக்கு, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கப்ரியேலே போஞ்சியின் பீட்சாரியம் இருக்கிறது. அகலத் தட்டுகளில் விதவிதமான காய்கறி பீட்சாக்கள். கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

பீட்சா கடையில் உட்கார்ந்தால் பெயரில் ஏமாறக் கூடாது. 'மரினாரா' என்பது கடல் சம்பந்தமான பெயர்; ஆனால் அதில் தக்காளி, பூண்டு, ஒரெகானோ, எண்ணெய் மட்டுமே. சீஸ்கூட இல்லாத, எல்லாருக்கும் ஆகிற பீட்சா. அதே கடையில் 'நாப்போலி' என்று இருப்பதில் நெத்திலி உண்டு.

இனிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பன்னா கோத்தாவில் ஜெலட்டின் இருக்கும். திராமிசுவில் பச்சை முட்டை. ஜெலாத்தோவில் பால் வகைகளில் முட்டை மஞ்சள்கரு சேர்வதுண்டு. பழ சொர்பெத்தோவைக் கேளுங்கள். கோடையில் போனால் டைபர் கரையோரக் கடைகளில் கிராத்தாக்கெக்கா என்று ஐஸைச் சீவிப் பழச்சாறு ஊற்றித் தருவார்கள். வெயிலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

சைவத்துக்கென்றே ஒரு வாசல்

கேள்வியே கேட்காமல் மெனு முழுவதையும் நம்பி ஒருவேளையாவது சாப்பிட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஸ்பெயின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மர்குத்தா தெருவில் 1979 முதல் நடக்கிறது 'இல் மர்குத்தா' என்ற சைவ ரெஸ்டாரன்ட். சுவர் நிறைய ஓவியங்கள், நிதானமான உபசரிப்பு, காய்கறியை மரியாதையோடு நடத்துகிற சமையல். விலை கொஞ்சம் கூடத்தான். 1953-இல் வந்த 'ரோமன் ஹாலிடே' படத்தில் கதாநாயகன் குடியிருந்தது இதே தெருவில்தான். தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 'ரிஃபூஜோ ரோமானோ' என்ற கடையில் கறி இல்லாத கார்போனாராவும் தருகிறார்கள். ஒஸ்தியென்சே பகுதியில் பூனைகள் உலவும் ஒரு வீகன் கடைகூட உண்டு. ஓட்டல்கள் மூடுவதும் இடம் மாறுவதும் அங்கேயும் சகஜம். போவதற்கு முன் ஒரு போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சமையலறையோடு அறை எடுத்திருப்பவர்கள் பியாத்சா வித்தோரியோ அருகிலுள்ள எஸ்குவிலீனோ சந்தைக்குப் போகலாம். அரிசி, பருப்பு, பச்சைமிளகாய், வெண்டைக்காய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். வங்கதேசத்து வியாபாரிகள் நிறையப் பேர். ஒருநாள் ரசம் வைத்துக் குடித்துவிட்டு மறுநாள் கீரை தேடி வெளியே கிளம்பலாம்.

இத்தாலிக்கும் சைவத்துக்குமான உறவு நீண்டது. ரோமிலேயே தத்துவஞானி செனெக்கா இளம் வயதில் ஒரு வருடம் கறியை விட்டிருந்தார். லியோனார்தோ தா வின்ச்சியைப் பற்றிய ஒரு தகவல் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. ஆந்திரேயா கோர்சாலி என்ற ஃப்ளாரன்ஸ்காரர் 1516-இல் கொச்சியிலிருந்து ஜூலியானோ தே மெதிச்சிக்கு எழுதிய கடிதத்தில், குஜராத்திகள் ரத்தமுள்ள எதையும் உண்பதில்லை, எந்த உயிருக்கும் தீங்கு செய்ய விடுவதில்லை என்று சொல்லி, நம் லியோனார்தோவைப் போல என்று ஒப்பிடுகிறார். அந்த ஜூலியானோவின் ஆதரவில்தான் லியோனார்தோ அந்த ஆண்டுகளில் ரோமில், வாத்திக்கனின் பெல்வெதேரே மாளிகையில் தங்கி வேலை செய்தார். போன நூற்றாண்டில் பெருஜியாவைச் சேர்ந்த ஆல்தோ கபித்தீனி காந்தியைப் படித்து அகிம்சைக்கு வந்தவர். முசோலினி காலத்தில் ஃபாசிஸ்ட் கட்சியில் சேர மறுத்து 1933-இல் வேலையை இழந்தார். கொல்லாமை என்ற கொள்கையைத் தட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்று கறியைக் கைவிட்டார். 1952-இல் இத்தாலிய சைவச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர் அவரே. இன்றைக்கு ரோம் ஓட்டலில் "சோனோ வெஜெத்தாரியானோ" என்றால் சர்வர் விழிக்காமல் தலையாட்டுவதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

நடைமுறை விஷயம் கொஞ்சம். மதியச் சமையலறை பொதுவாக 3 மணிக்குள் மூடிவிடும். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைப்பது கஷ்டம். பெரிய நினைவுச்சின்னங்களின் வாசலிலேயே படம் போட்ட மெனுவோடு கூப்பிடுகிற கடைகளைத் தவிர்த்து, பக்கவாட்டுச் சந்துகளில் இரண்டு தெரு உள்ளே போங்கள். மேஜையில் வைக்கும் ரொட்டிக்குப் பில்லில் தனிக் காசு இருக்கலாம், அது வழக்கம்தான். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நல்ல குடும்பக் கடைகளில் பல விடுமுறைக்கு மூடிவிடும்.

டூர் ஏஜென்ட்டிடம் பணம் கட்டும்முன் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: ரோமில் ஓர் இரவுச் சாப்பாட்டையாவது பேக்கேஜில் சேர்க்காமல் உங்கள் கையில் விடச் சொல்லுங்கள், அது கெத்தோவின் கோஷர் கடைகள் சாத்தியிருக்கும் வெள்ளிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேதியை நீங்களே முடிவு செய்கிறவர்கள் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் கிளம்புங்கள். ரோம் ஆர்ட்டிசோக்கின் பருவம் அதுதான்.